முரணின்மை ஒன்றே மெய்ம்மையாகுமா?

தன்னுள் முரண்படாத கொள்கையை மெய்க்கொள்கை என ஏற்க வேண்டும். சோதனைச் சான்று பின்னர் வரினும் வரலாம், வாராதொழியினும் இழுக்கில்லை என்று வாதிப்போர் இன்று பௌதிகத்துறையிலும் உளர். இவ்வாதம் ஏற்கத்தக்கதன்று.

குவாண்டம் கொள்கையையும் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையையும் இணைக்க முயல்வது இழைக் கொள்கை. துணிக்கைகள் யாவும் நுண்ணிழைகளின் அதிர்வுகளே என்பது அதன் துணிபு. 1984ஆம் ஆண்டில் மைக்கேல் கிறீனும் ஜோன் சுவாட்சும், பத்துப் பரிமாணங்களில் குறிப்பிட்ட சில சமச்சீர்மைகளோடு மட்டுமே அக்கணிதத்தின் முரண்கள் நீங்கும் எனக் காட்டினர். அஃது அருஞ்சாதனையே. ஆயின், நாம் காணாத ஆறு பரிமாணங்களையும் சுருட்டி மறைக்கும் வழிகளோ எண்ணிறந்தன. ஒவ்வொரு வழியும் ஒவ்வோர் உலகைத் தரும். அவற்றுள் நம் உலகு எது என்பதை முரணின்மை சொல்லவில்லை.

2005இல் கம்ரன் வாஃபா ஒரு வரம்பு கோலினார். வெளித்தோற்றத்திற் குற்றமற்றவையாயினும் குவாண்டம் ஈர்ப்போடு பொருந்தாத கொள்கைகளைச் 'சதுப்பு நிலம்' என ஒதுக்கினார். அவ்வரம்பை வகுக்கும் நிபந்தனைகளுட் பல இன்னும் நிறுவப்படாத கருதுகோள்களே. கொள்கையைக் கொண்டு கருதுகோளை நாட்டி, அக்கருதுகோளைக் கொண்டே கொள்கையைப் போற்றுதல் செக்குமாட்டு நடையன்றி வேறென்ன?

கணக்கிற்கும் மெய்க்குமுள்ள இடைவெளி தமிழாய்வாளர் அறியாததன்று. காரைதீவில் 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியர். வழக்கிழந்த யாழின் நரம்புகளை நூற்சான்றாலும் கணிதத்தாலும் மீட்டெடுத்த அவர், கணக்குப் பொருந்தியதோடு அமைந்தாரல்லர். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் 'யாழ் நூல்' அரங்கேறியபோது, அவருடைய ஆய்வின்வழி அமைத்த யாழ்கள் அவையோர் செவிமுன் இசைக்கப்பட்டன. கணித்த நரம்பு ஒலித்துக் காட்டியது.

இழைக் கொள்கையினரும் அத்தகைய அரங்கிற்கு வருதல் வேண்டும். வழி இல்லாமலில்லை. பேரண்டத்தை விரிக்கும் இருட்சத்தி என்றும் மாறா நிலையினதாய் இருத்தலாகாது என 2018இல் வாஃபாவும் பிறரும் ஒரு நிபந்தனை மொழிந்தனர். அச்சத்தி காலப்போக்கில் நலிகின்றது போலும் என 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளியான 'டெசி' விண்ணளவைப் பெறுபேறுகள் குறிப்புக் காட்டின. அக்குறிப்பு இன்னும் முடிந்த முடிபன்று. உறுதிப்படினும் இழைக் கொள்கை அதனால் மட்டும் நிறுவப்பட்டதாகாது. பொய்ப்படின் நிபந்தனை நிலைகுலையும். இவ்வாறு தோற்கவும் துணிந்த கூற்றே விஞ்ஞானக் கூற்று.

முரணின்மை அரங்கினுள் நுழைவதற்குரிய அனுமதி, அரங்கேற்றம் அன்று.