பதினெட்டு மூடைச் சீமெந்து

பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ மாணவருக்கு வணிக ஆங்கிலம் கற்பிக்கும் நண்பரொருவரின் வகுப்பிலே, சென்ற மாதம், பின்வாங்கிலொன்றில் அமர்ந்திருக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. நண்பர் இலக்கணம் எதையும் எடுத்தாரல்லர். "நீங்கள் கட்டிடப் பொருட்கடை ஒன்றின் லிகிதர். கொழும்பிலிருந்து வந்த 200 மூடைச் சீமெந்தில் 18 மூடை மழையில் நனைந்து கல்லாய் இறுகிவிட்டன. விற்றவருக்கு ஆங்கிலத்திலே கடிதம் வரையுங்கள்" என்றார், அவ்வளவே.

ஒருவர் சீமெந்தின் பயன்களைப் பற்றி வியாசமே எழுதிவிட்டார். இன்னொருவர் "ஐ பெக் டு ஸ்டேட்" எனத் தொடங்கி, "யுவர் ஒபீடியன்ற் சேர்வன்ற்" என முடித்திருந்தார். துரைமார் 1948இல் ஆட்சியை விட்டகன்றனர். அவர்தம் கந்தோர்க் கடிதத்தின் வால் மாத்திரம் நம் பிள்ளைகளின் பேனாவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது! ஒரு மாணவியோ எழுத்துப்பிழை ஒன்றுமின்றி, "நீங்கள் எம்மை ஏமாற்றிவிட்டீர்கள்" என்று எழுதியிருந்தார்.

"தங்கச்சி, உமக்குச் சண்டை வேண்டுமா, 18 மூடை வேண்டுமா?" என்றார் நண்பர்.

வகுப்பு சிரித்தது. பின்னர் அக்கடிதத்தையே அடுத்த வாங்கினரிடம் கொடுத்து, விற்றவராக நின்று மறுமொழி எழுதச் சொன்னார். "எந்த விலைச்சிட்டை? எந்தத் திகதி?" என அவர்கள் கேட்ட பின்னரே, தாம் விட்டது எதுவென அம்மாணவி கண்டார்.

இம்முறை முற்றிலும் புதிதன்று. பெங்களூரில் 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்னும் அறிஞர், பாடசாலைப் பிள்ளைகளுக்கு றெயில் நேர அட்டவணையும் படங்களும் கொடுத்து, அவற்றிலுள்ள சிக்கலை அவிழ்க்கச் செய்தே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். கருத்தில் மனம் ஊன்றுங்கால் இலக்கணம் தானே படியும் என்பது அவர் கொள்கை. எமக்கு அதில் முழு உடன்பாடில்லை. கடிதம் முடிந்தபின் வினைச்சொற் பிழைகளை நண்பர் ஒவ்வொன்றாகத் திருத்தியதே நன்றெனப்பட்டது.

கடைசியாகத் தொலைபேசி. நண்பர் வெளியே சென்று, விற்பனையாளராகப் பேசினார். க.பொ.த. பரீட்சையில் ஆங்கிலத்தில் அதிவிசேட சித்தி பெற்ற மாணவர் ஒருவர் வாய்திறவாது நின்று, இருமுறை தொடர்பைத் துண்டித்துவிட்டார். மூன்றாம் முறை, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மன்னிக்கவும், எத்தனை மூடை என்றீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த ஒரு வசனத்துக்கு அரைமணி நேரம் சென்றது.

அடுத்த கிழமை நேர்முகப் பரீட்சைக்காகக் கொழும்புக்குப் பயணமாகவிருந்தவர் அவரே.