கேட்டுப் பார்க்காமல் வாங்கலாமா?



"எங்கள் ஊரில் நல்ல ஸ்பீக்கரைப் பாடவைத்துக் காட்ட ஒரு கடைகூட இல்லை. படித்ததை மட்டும் நம்பி ஆன்லைனில் பணம் கட்டலாமா?" சிறிய ஊர்களிலிருந்து எழுதும் பலரின் கேள்வி இது. சென்னைக்கோ கோவைக்கோ பஸ் ஏறிப் போய், காதால் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும் என்று உங்களிடம் நிறைய பேர் சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். தாராளமாகக் கட்டலாம். எதைப் பார்த்துக் கட்டுகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

கடையின் டெமோ அறையில் கார்ப்பெட் இருக்கும், கனத்த திரைச்சீலை இருக்கும். நம் வீட்டு ஹாலில் டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கான்கிரீட் கூரை, கைதட்டினாலே எதிரொலிக்கும். அங்கே இனிமையாகப் பாடிய ஸ்பீக்கர் இங்கே வந்ததும் கீச்சிடுவதற்கு இதுவே காரணம். இன்னொன்று, சத்த அளவு. ஒரு ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி (ஒரே அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்கப் பாடும் என்பது) 86 டெசிபல், பக்கத்தில் இருப்பதற்கு 89 என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்யூமைத் தொடாமல் மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டாவது கொஞ்சம் உரக்கப் பாடும். நம் காது அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். அந்த 3 டெசிபலை ஈடுகட்ட முதல் ஸ்பீக்கருக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுக்க வேண்டும். கடைக்காரர் நேர்மையானவராகவே இருந்தாலும், பத்து நிமிட டெமோவில் இதையெல்லாம் சரிசெய்து காட்டுவது கடினம்.

கண்ணும் காதைக் குழப்பும். அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஃப்ளாய்டு டூலும் ஷான் ஆலிவும் நடத்திய சோதனையின் முடிவு 1994இல் வெளியானது. திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்து வைத்தபோது, விலை குறைந்த ஒரு சிறிய செட் நல்ல மதிப்பெண் வாங்கியது. திரையை விலக்கி, பார்த்துக்கொண்டே கேட்கச் சொன்னதும் அதே செட்டின் மதிப்பெண் சரிந்தது. கேட்டவர்கள் ஒலித்துறையிலேயே வேலை பார்ப்பவர்கள்.

ஆகவே, கேட்டு வாங்கினால் ஏமாற மாட்டோம் என்பதும் நிச்சயமில்லை. கேட்டுப் பார்க்க முடியாதவர்களுக்கு நல்ல துணை அளவீடு. 2013இல் அமெரிக்காவில் வந்த சி.இ.ஏ. 2034 தரநிலைப்படி ஒரு ஸ்பீக்கரைச் சுற்றிலும் 70 அளவீடுகள் எடுக்கிறார்கள். பக்கவாட்டில் போகிற ஒலியை ஏன் அளக்க வேண்டும்? நம் ஹாலில் காதுக்கு வருவதில் பெரும்பங்கு சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பியதுதான். இந்த அளவீடுகளின் வரைபடத்தில் இரண்டை மட்டும் பாருங்கள். நேர் எதிரே அளந்த கோடு பெரிய மேடு பள்ளம் இல்லாமல் போக வேண்டும். பக்கவாட்டுக் கோடுகள் மேல் ஸ்தாயியை நோக்கிச் சீராக இறங்க வேண்டும். நிறுவனம் தருவதைவிட வெளியார் அளந்ததை அதிகம் நம்பலாம். "தேன் போன்ற குரல்" என்று எழுதும் விமர்சனங்களைவிட இந்த இரண்டு கோடுகள் அதிகம் சொல்லும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச) வாட்ஸ் அச்சிட்டிருந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள், ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய) வாட்ஸ் எவ்வளவு என்று தேடுங்கள்.

ஆனால் எந்த வரைபடமும் உங்கள் அறையின் பேஸ் எப்படி இருக்கும் என்று சொல்லாது. 12 அடி நீள அறையில் சுமார் 47 ஹெர்ட்ஸ் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே தேங்கி நிற்கும். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாதையில் நடந்து போவதை ரசிப்பவர்களுக்கு இது உடனே தெரியும். கிட்டார் அந்தச் சுரத்துக்கு இறங்கும்போது அது மட்டும் உப்பி நிற்கும், அடுத்த சுரம் மெலிந்துவிடும். 12க்கு 12 என்று சதுரமான அறையில் இரண்டு திசையிலும் அதே ஒலி தேங்குவதால் தொல்லை கூடும். மூலையில் வைத்த ஸ்பீக்கரை இரண்டடி வெளியே இழுத்துப் பாருங்கள், நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நகர்த்துங்கள். புதிய ஸ்பீக்கர் தராத மாற்றத்தை இது சில வீடுகளில் தந்துவிடும், செலவே இல்லாமல்.

பட்ஜெட்டில் பெரும்பங்கு ஸ்பீக்கருக்குப் போகட்டும். அதன் ஓம்ஸுக்குப் பொருந்துகிற ஆம்ப்ளிஃபையர் போதும். வயருக்கு, ஓரளவு தடிமனான செம்புக் கம்பி.

பணம் கட்டுவதற்கு முன் திருப்பி எடுக்கும் விதியை வரி விடாமல் படியுங்கள். மாற்றித் தருவது வேறு, பணத்தைத் திருப்பித் தருவது வேறு. கூரியர் செலவு யார் தலையில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கெடு முடியும்வரை அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள். அந்த நாட்களில் புதிய டெமோ டிராக் எதுவும் வேண்டாம். வருடக்கணக்காகக் கேட்டு மனப்பாடமான பாடல்களையும் ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனத்தையும் போட்டுப் பாருங்கள்.

கேட்டுப் பார்க்காமலே வாங்கியவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். மாடல் பெயரோடு அறையின் நீளம், அகலம், உயரம், தரை என்ன தரை, ஸ்பீக்கரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதே அளவு அறை வைத்திருக்கும் இன்னொரு வாசகருக்கு அது பயன்படும். அடுத்த இதழிலிருந்து அந்தக் கடிதங்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்