நோய் தணிந்தாலும் ஜாக்கிரதை தணியலாகாது

புதுவைப் பிரதேசத்தில் 2020 மார்ச்சில் மாஹேயில் முதன்முதலாகத் தென்பட்ட கொரோனா, பட்டணத்து வியாதிதானே என்று நம் கிராமவாசிகள் எண்ணியிருக்கையிலேயே வில்லியனூர்க் கடைவீதியையும் பாகூர் ஏரிப் பாசன ஊர்களையும் வந்தடைந்து, 2021 மே மாதத்து இரண்டாம் அலையில் பிராணவாயுப் படுக்கைக்காக உற்றார் தவித்து நிற்கும் நிலையை உண்டாக்கியதை எவரும் மறந்திருக்க முடியாது.

அவ்வாண்டின் இறுதியில் புதுவை அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியபோது, வீடு தேடி வந்த சுகாதார ஊழியர்களைக் கண்டு வில்லியனூர் வட்டாரத்தில் ஒருவர் மரத்தின்மேல் ஏறிக்கொண்டார். அதை நகைத்துத் தள்ளுவது தகாது. சட்டத்தால் ஊசியைப் போடலாம், ஆனால் மனத்திலுள்ள பயத்தை, திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் பேசும் ஊழியரின் அன்புச் சொல்லே அகற்றும்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசர நிலையை நீக்கியதாயினும், கிருமி உருமாறிக்கொண்டு நம்மிடையே இருந்தே வருகிறது. ஆகவே, காய்ச்சலும் இருமலும் உள்ளவர் கல்யாணக் கூட்டத்தையும் திருவிழா நெரிசலையும் தவிர்ப்பதும், ஆஸ்பத்திரிக்குச் செல்கையில் முகக்கவசம் அணிவதும், சோப்பிட்டுக் கை கழுவுவதும், வீட்டு ஜன்னல்களைத் திறந்து வைப்பதும் அவசியம். முதியோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் மூச்சுத் திணறல் கண்டால், கஷாயத்தை நம்பிக் காலம் கடத்தாமல் உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி பிராணவாயு அளவை 94 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் அது அபாய அறிவிப்பு. அக்கருவி ஒவ்வொரு கிராமத்துக்கும் எட்டும் தூரத்தில் இருக்கச் செய்வது அரசாங்கத்தின் கடமை. அசிரத்தைக்கு இடங்கொடாதிருப்பது நம் கடமை.