ஆர்கானிக் சட்டை ஆற்றைக் காப்பாற்றுமா?

"விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் பிள்ளைக்கும் நல்லது, மண்ணுக்கும் நல்லது." குழந்தைகளுக்கான ஆர்கானிக் காட்டன் உடைகளை இப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். பூச்சிமருந்து இல்லாமல் பருத்தி விளைவிக்கும் விவசாயியின் உழைப்பு பெரியது. அதில் எனக்கு மறுப்பில்லை. அதன் பெயரால் சொல்லப்படும் மற்றவற்றைத்தான் ஏற்க முடியவில்லை.

செடிக்கு அடித்த மருந்து சட்டை வரை வந்து பிள்ளையின் தோலைக் கெடுக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். காரம் போட்டு வேகவைத்து, வெளுத்து, அலசி எடுப்பதற்குள் அந்த மருந்தில் பெரும்பகுதி போய்விடும். பிள்ளையின் உடம்பில் உரசுவது அதன்பின் ஏற்றிய சாயமும், மென்மைக்காகப் போட்ட ரசாயனமும்தான். கடைக்காரரிடம் சாயத்தைப் பற்றிக் கேளுங்கள். முத்திரைகளிலும் வித்தியாசம் உண்டு: ஜி.ஓ.டி.எஸ். சான்று சாயப்பட்டறை வரை போய்ப் பார்க்கிறது, ஓ.சி.எஸ். சான்று பஞ்சு ஆர்கானிக்தானா என்று மட்டும் பார்க்கிறது.

அடுத்து, மண்ணுக்கு நல்லதாம். நொய்யல் ஆற்றங்கரைக்காரர்களிடம் இதைச் சொல்ல முடியுமா? பாசனத்துக்கென்று அந்த ஆற்றில் 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. அணையில் தண்ணீர் நின்றும், அதைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்து பட்டறைக்கே திருப்பி அனுப்புகின்றன. பெரிய முன்னேற்றம்தான், ஆனால் பிரித்தெடுத்த உப்பும் சேறும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றனவே! பஞ்சு எந்த வயலில் விளைந்தாலும், அடர்நிறம் ஏற்ற உப்பு வேண்டும்.

விலை கூடினால் நெடுநாள் உழைக்கும் என்பதும் குழந்தை உடைக்குப் பொருந்தாது. பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. இருக்கும் பிள்ளை முதல் பிறந்தநாளில் 75 செ.மீ. ஆகிவிடுகிறது. சட்டை நைந்து போகுமுன் பிள்ளை வளர்ந்துவிடும். ஆகவே அதை எத்தனை பிள்ளைகள் போட்டார்கள் என்பதுதான் கணக்கு. அந்தக் காலத் தையற்காரர்கள் பாவாடையின் அடியில் இரண்டு டக் பிடித்துத் தைப்பார்கள். தீபாவளிக்குத் தீபாவளி ஒன்றைப் பிரித்துவிட்டால் பாவாடை நான்கு விரல் இறங்கும். மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் வெளுக்காமல் பட்டையாகத் தெரியும். அக்காவுக்குப் பிறகு தங்கை, அதன்பின் சித்தி மகள். இன்றைய ரெடிமேடில் பிரித்துவிட அரை விரல் துணிகூட உள்ளே இருப்பதில்லை.

பழைய துணி சுகாதாரக் கேடு என்பார்கள். பிறந்த பிள்ளையைத் தாத்தாவின் பழைய வேட்டியில் ஏந்திய ஊர் இது. பலமுறை துவைத்த பருத்தியில் ஒட்டாத சாயம் போயிருக்கும். துணியும் பூப்போல் இருக்கும். வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். தளர்ந்த பட்டனையும் கழுத்துக் கயிற்றையும் மட்டும் எடுத்துவிடுங்கள்.

எல்லோரும் இப்படிச் செய்தால் பனியன் கம்பெனித் தொழிலாளியின் பிழைப்பு என்னாவது? இது நியாயமான கவலை. மலிவாகப் பத்து வாங்கும் காசில், உள்ளே துணி விட்டு, இரட்டைத் தையல் போட்ட நான்கு வாங்கலாம். அப்படித் தைக்க நேரம் பிடிக்கும், தேர்ந்த கை வேண்டும். நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு அந்தக் கைக்குக் கூலியாகப் போய்ச் சேர வேண்டும்.