கட்டைக்கூத்தும் கைதட்டலும்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோபுரமும் நினைவுக்கு வருகின்றன; விடிய விடிய ஆடும் கூத்துக் கலைஞன் வருவதில்லை. பெருங்கட்டூர் ராஜகோபால் சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். 'தெருக்கூத்து' என்பதை மறுத்து, நடிகர் அணியும் மரக்கட்டை அணிகலன்களைச் சுட்டும் 'கட்டைக்கூத்து' என்ற பெயரையே வலியுறுத்தினார். 1990இல் அப்பெயரில் சங்கம் உருவானது. 2002இல் தொடங்கிய குருகுலத்தில், தாம் இழந்த பள்ளிக்கல்வியைக் கூத்தோடு சேர்த்தே பிள்ளைகளுக்கு அளித்தார். ஆண்களே ஆடிவந்த அரங்கில் பெண்பிள்ளைகளையும் ஏற்றினார். அக்குருகுலம் 2020இல் மூடப்பட்டது.

இரவெல்லாம் திரௌபதியாக நின்று சபையில் நீதி கேட்கும் பெண், மணமான பின் மேடையேறப் புகுந்த வீட்டின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டுமெனில், நம் கைதட்டலுக்கு என்ன பொருள்? ஆட்டத்தைக் கற்பிப்பது குருவின் கடமை. தொடர்ந்து ஆடவிடுவது நம் கடமையன்றோ?