கோணல் கூடத்தில் இல்லை

வீட்டில் ஹோம் தியேட்டர் வைப்பது வீண் செலவு என்று சென்ற இதழில் ஒரு கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். மனிதனுக்கு இருப்பது இரண்டே காது, ஆகவே இரண்டு ஸ்பீக்கருக்கு மேல் விற்பவன் ஏமாற்றுக்காரன், வாங்குபவன் ஏமாளி. சரவுண்டில் வசனம் கேட்பதில்லை. பின்னால் வைக்கிற பெட்டிகள் வாயைத் திறப்பதே இல்லை. நம் வீட்டுக் கூடங்கள் இதற்கு லாயக்கில்லை. அப்படியும் ஆசை விடவில்லையென்றால், அதிக வாட்ஸ் போட்ட சவுண்ட்பார் ஒன்றை வாங்கி டிவிக்கு அடியில் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான். இதில் ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை.

காதுக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். நடந்து போகும்போது பின்னால் பஸ் ஹாரன் அடித்தால், திரும்பிப் பார்க்காமலேயே ஓரமாக ஒதுங்குகிறோம். அதற்கும் இந்த இரண்டு காதுகள்தான் போதுமானவையாக இருக்கின்றன. பக்கவாட்டிலிருந்து வரும் சத்தம் ஒரு காதை எட்டி மறு காதை எட்டுவதற்குள் கடக்கும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் மூளை அளந்துவிடுகிறது. இரு காதுகளிலும் விழும் அளவின் வேறுபாடும், காது மடலின் மடிப்புகளில் பட்டுச் சத்தம் மாறும் விதமும் அதற்குத் துணை நிற்கின்றன. காது இரண்டுதான், அது அறியும் திசைகள் இரண்டல்ல. இதைக்கூட யோசிக்காமல் ஒருவர் ஒலியைப் பற்றி மூன்று பக்கம் எழுதத் துணிந்ததை என்னவென்று சொல்வது?

சரவுண்ட் என்பது பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டி விற்கக் கம்பெனிகள் அண்மையில் கண்டுபிடித்த தந்திரம் என்றும் எழுதுகிறார். அண்மை என்றால் எவ்வளவு அண்மை? 1933-இல் பிலடெல்பியாவில் வாசித்த இசையைப் பெல் ஆய்வகத்தார் தொலைபேசிக் கம்பி வழியாக வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தபோதே இடம், நடு, வலம் என்று மூன்று தடங்களை வைத்தார்கள். 1953-இல் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்த ‘தி ரோப்’ நான்கு காந்த ஒலித்தடங்களைக் கொண்டிருந்தது. மூன்று திரைக்குப் பின்னால், நான்காவது பார்வையாளர்கள் உட்கார்ந்த அரங்கத்துக்குள். ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ 1992-இல் டால்பி டிஜிட்டலோடும், ‘ஜுராசிக் பார்க்’ அடுத்த ஆண்டு டி.டி.எஸ். ஒலியோடும் வந்தன. தமிழில் ‘குருதிப்புனல்’ 1995-இலேயே டால்பி ஒலியோடு வந்துவிட்டது. எச்.ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளர்கள் தேசிய விருது பெறும் அளவுக்கு உழைத்த துறை இது. எந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று இரவு பகலாக உட்கார்ந்து முடிவு செய்தவர்களின் உழைப்பை ‘தந்திரம்’ என்ற ஒரு சொல்லில் தள்ளிவிட்டுப் போவதற்கு அறியாமை மட்டும் போதாது. கொஞ்சம் அலட்சியமும் வேண்டும்.

அடுத்து வசனம். வசனம் கேட்கவில்லை, பின்னணி இசை காதைக் கிழிக்கிறது என்பது நியாயமான குறைதான். ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணம் தலைகீழ். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கருக்குத்தான் போகிறது. மெனுவைத் திறந்து ‘சென்டர்’ என்ற இடத்தில் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றினால் பேச்சு மட்டும் தெளியும், இசை இருந்த இடத்தில் இருக்கும். ராத்திரி நேரத்தில் ‘நைட் மோடு’ போட்டால் பெரிய சத்தம் அடங்கும், சின்னச் சத்தம் எழும். அவர் பரிந்துரைக்கும் இரண்டு ஸ்பீக்கர் ஏற்பாட்டில்தான் இசையும் வசனமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அதில் ஒன்றை ஏற்றினால் மற்றதும் ஏறும். போதாததற்கு, இரண்டே ஸ்பீக்கரில் வசனம் திரையின் நடுவிலிருந்து வருவதாகத் தோன்றுவது சரியாக நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டும்தான். சோபாவின் ஓரத்தில் இருக்கும் பாட்டிக்குக் கதாநாயகன் ஜன்னல் பக்கமிருந்து பேசுவான். குறைக்கு மருந்தாக இருப்பதையே குறைக்குக் காரணம் என்று காட்டியிருக்கிறார் கட்டுரையாளர்.

பின்பக்கப் பெட்டிகள் பேசவில்லை என்பது அவர் பெரிதாகக் காட்டும் சாட்சியம். நண்பர் வீட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்தும் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லையாம். என்ன பார்த்தார்கள் என்று சொன்னாரா? சொல்லவில்லை. எந்தக் கம்பியில் இணைத்திருந்தார்கள் என்பதும் தெரியாது. மோனோவில் பதிவான எழுபதுகளின் படத்தைப் போட்டால் பின்பக்கத்துக்கு என்று எதுவும் அதில் இல்லை. கேபிளில் வரும் பெரும்பாலான சேனல்களும், யூடியூபில் நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவையும் ஸ்டீரியோதான். படம் 5.1-ஆகவே இருந்தாலும், டிவியின் ஆடியோ அவுட்புட் ‘பி.சி.எம்.’ என்று இருந்தால் பல டிவிகள் அதை இரண்டு தடமாக ஒடுக்கித்தான் வெளியே அனுப்பும். அதை ‘பாஸ் த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ என்று மாற்ற வேண்டும். எச்.டி.எம்.ஐ. கம்பியை, டிவியின் பின்னால் ‘ஏ.ஆர்.சி.’ என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருக வேண்டும். ஆப்டிகல் கம்பி டால்பி டிஜிட்டலைக் கடத்தும், ஓ.டி.டி. தளங்கள் அதிகம் பயன்படுத்தும் டால்பி டிஜிட்டல் பிளஸைக் கடத்தாது. இத்தனையும் சரியாக இருந்தாலும் பின்பக்க ஸ்பீக்கர் ஓயாமல் பேசாது. மழை, கூட்டம், காடு, கடந்து போகும் ரயில் இவற்றுக்காகத்தான் அது காத்திருக்கிறது. இருவர் அறைக்குள் உட்கார்ந்து பேசும் காட்சியில் அது சும்மா இருப்பதுதான் முறை. ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்திப் பார்க்காத சோம்பலை ஒரு தொழில்நுட்பத்தின் மரண அறிக்கையாக எழுதலாமா?

அதே வீட்டில் ஐந்து பெட்டிகளும் ஷோகேஸில் டிவியைச் சுற்றி அழகாக அடுக்கப்பட்டிருந்தன என்று போகிறபோக்கில் அவரே எழுதிவிட்டார். அந்த ஒரு வரி போதும், வழக்கு முடிந்தது. எல்லாவற்றையும் முன்னால் வைத்துவிட்டுப் பின்னாலிருந்து சத்தம் வரவில்லை என்று புகார் சொல்கிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இதற்குப் பிறகும் பழி நம் கூடங்களின் மேல் விழுகிறது. ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல். உண்மையில் ஒலிக்குக் கோணல் கூடம்தான் நல்லது. எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருந்தால் சத்தம் அவற்றுக்கிடையே மாறி மாறி மோதி அதிரும். அதனால்தான் ஒலிப்பதிவுக் கூடங்களில் சுவரைச் சற்றுச் சாய்த்துக் கட்டுகிறார்கள்.

பன்னிரண்டுக்குப் பதினான்கு அடியில், டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையுமாக இருக்கும் சாதாரணக் கூடத்திலேயே சரவுண்ட் நன்றாக அமையும். உட்காரும் இடத்திலிருந்து நேர்கோட்டுக்கு இருபுறமும் முப்பது டிகிரி சாய்வில் முன் ஸ்பீக்கர்கள். நடு ஸ்பீக்கர் டிவிக்கு அடியில், காதைப் பார்த்து. பின்பக்கத்தவை நூறிலிருந்து நூற்றிருபது டிகிரியில், அதாவது தோளுக்குச் சற்றுப் பின்னால், தலையைவிட ஓர் அடி இரண்டடி உயரத்தில். சோபா சுவரோடு ஒட்டியிருந்தால் அதை ஓரடியாவது முன்னால் இழுங்கள். அதற்கும் இடமில்லையென்றால் பின்பக்க ஸ்பீக்கர்களை இரு பக்கச் சுவர்களில் மாட்டுங்கள். கை தட்டிப் பாருங்கள். கிணுகிணுவென்று எதிரொலித்தால் கனமான திரைச்சீலை, தரைவிரிப்பு, புத்தக அலமாரி இவை வேலை செய்யும். பன்னிரண்டு அடி இடைவெளியில் 47 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டத்தில் பேஸ் ஓரிடத்தில் குமுறும், வேறோர் இடத்தில் காணாமல் போகும். அதற்கும் வழி உண்டு. சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். எங்கே பேஸ் குமுறாமல் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரைக் கொண்டுபோய் வையுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் மெனுவில் பதிந்து, டெஸ்ட் டோன் ஓடவிட்டு, ஐந்தும் ஒரே அளவில் கேட்கும்படி சமப்படுத்துங்கள். இதற்கு ஒரு டேப்பும் ஒரு மாலைப் பொழுதும் போதும். இந்த ஒரு மாலையைச் செலவழிக்காதவர்தான் செலவைப் பற்றிப் பேசுகிறார்.

வாட்ஸ் விஷயத்தில் அவர் வாசகருக்குச் செய்திருப்பது துரோகம். அட்டைப்பெட்டியில் பத்தாயிரம் வாட்ஸ் என்று போட்டிருந்தால் ஐயாயிரத்தைவிட அது இரு மடங்கு நல்லது என்கிறார். ஆறு ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டில் எடுக்கக்கூடியதே 1,380 வாட்ஸ்தான். பத்தாயிரத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது, பக்கத்து வீட்டிலிருந்தா? ‘பி.எம்.பி.ஓ.’ என்ற அந்த எண்ணுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது. ரிச்சி தெருவில் ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்பவர் யாரிடமாவது கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்: நம் ஊர் ஆம்ப்ளிஃபயர்களில் காலங்காலமாக உட்கார்ந்திருக்கும் 4440 ஐசி, பிரிட்ஜ் முறையில் கொடுப்பது சுமார் 19 வாட்ஸ். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். கணக்கை. அதிலும் வாட்ஸை இரட்டித்தால் கூடுவது மூன்றே டெசிபல். காதுக்குச் சத்தம் இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு சக்தி வேண்டும். சின்ன அறைக்கு நல்ல ஐம்பது வாட்ஸ் தாராளம்.

கடைசியில் சவுண்ட்பார். டிவிக்குள் இருக்கும் மெலிந்த ஸ்பீக்கரைவிட அது மேல் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முன்னால் ஒற்றைக் குழலை வைத்துப் பின்னாலிருந்தும் மேலிருந்தும் சத்தம் வருவதாகக் காட்ட, அது சுவரிலும் கூரையிலும் ஒலியை மோதவிட்டுத் திருப்புகிறது. மோதுவதற்குச் சுவர் வேண்டும், தட்டையான கூரை வேண்டும். நம் கூடங்களில் ஒரு பக்கம் பால்கனி, மறு பக்கம் சாப்பாட்டு அறைக்குத் திறப்பு. ஓட்டு வீட்டுக் கூரை சரிவானது. கூடம் சரியில்லை என்று நாலு பெட்டியைத் தள்ளியவர், கூடத்தையே முழுக்க நம்பியிருக்கும் பொருளைச் சிபாரிசு செய்கிறார்! பின்பக்கத்துக்குத் தனி ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து வரும் சவுண்ட்பார்கள் நன்றாகவே வேலை செய்யும். அப்படிப்பட்டவை நடுத்தர விலைக் கைப்பேசி ஒன்றின் விலைக்கே கிடைக்கின்றன. ஆனால் அது அவர் எதிர்க்கும் அதே சரவுண்ட் அல்லவா?

அவர் பக்கம் ஒரு நியாயம் உண்டு: அண்டை வீட்டார். பேஸ் சுவரைத் தாண்டும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அதற்குத் தீர்வு சப்வூஃபரைக் குறைப்பது. சரவுண்டையே ஒழிப்பது அல்ல. சுவர் அதிர்வது நல்ல ஒலியின் அடையாளம் என்று நினைப்பவர்களும் அவரைப் போலவே தவறு செய்கிறார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதையும் புதிதாக வாங்குவதற்கு முன், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பெட்டிகளை ஷோகேஸிலிருந்து இறக்கி உரிய இடத்தில் வையுங்கள். டிவியின் ஆடியோ மெனுவைத் திறந்து பி.சி.எம்.-ஐ மாற்றுங்கள். நடு ஸ்பீக்கரைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஒரு காசு செலவில்லை. அதன் பிறகு கேட்டுப் பார்த்து, சரவுண்ட் ஏமாற்றா, அந்தக் கட்டுரை ஏமாற்றா என்று உங்கள் இரண்டு காதுகளையே தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள்.