மருந்தின் விலையும் ஒரு சொல்லின் பொருளும்

எலும்பின் உள்ளீடாக நிறைந்திருக்கும் மெல்லூனை மருத்துவ நூல்கள் மச்சை என்று எழுதுகின்றன. அது வடசொல். நாட்டுப்புறத்தார்க்கோ அது நல்லி; நல்லியெலும்பு என்றால் எழுத்தறியாத கிழவிக்கும் விளங்கும். குருதியின் செவ்வணுவும் வெள்ளணுவும் பிறக்குமிடம் அந்நல்லியே. நாட்பட்ட வெள்ளணுப் புற்று என்னும் நோய் அங்குத்தான் வேர்கொள்கின்றது. நல்லி தன் அளவை மறந்து வெள்ளணுக்களைப் பெருக்கிக்கொண்டே போகும், மண்ணீரல் வீங்கும், சில ஆண்டுகள் அடங்கிக் கிடந்த நோய் ஒருநாள் முறுகும், முறுகியபின் மீட்சி அரிது. இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை இந்நோயருள் பெரும்பாலோர்க்கு எஞ்சியது மூன்று முதல் ஐந்தாறு ஆண்டு வாழ்வே. பிறர் நல்லியை ஏற்றும் பண்டுவம் ஒருசிலர்க்கே கைகூடியது.

நோயின் வேரை முதலிற் கண்டவர்கள் வணிகர் அல்லர். 1960இல் பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நோவல், டேவிடு அங்கர்போர்டு என்னும் இருவர், நோயரின் உயிரணுக்களில் வழக்கத்திற்கு மாறாகக் குறுகிய நிறப்புரி ஒன்றைக் கண்டனர். ஒன்பதாம் நிறப்புரியும் இருபத்திரண்டாம் நிறப்புரியும் தம்முள் துண்டு மாற்றிக்கொண்டதால் நேர்ந்த குறை அது என்று 1973இல் சிக்காகோவின் சேனட்டு இரௌலி அம்மையார் நிறுவினார். அம்மாற்றத்தாற் பிறந்த நொதியே ஓயாது ஏவி வெள்ளணுவைப் பெருக்குகின்றது. அந்நொதியை அடைத்து நிறுத்தும் இமாட்டினிபு என்னும் பொருளைச் சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவன வேதியியலார் ஆக்கினர். அதனை நோயர்க்குக் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று விடாது நின்றவர் ஆரிகன் மாநில மருத்துவர் பிரையன் திரக்கர். சீபா-கெய்கியும் சாண்டோசும் 1996இல் இணைந்து நோவார்ட்டிசு ஆயின. 2001 மே திங்களில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. கிளீவெக்கு என்னும் பெயரில் மருந்து அங்காடிக்கு வந்தது.

இதனை ஒழுங்காக உண்போருள் பலர் இன்று பிறரைப் போலவே நெடிது வாழ்கின்றனர். அவ்வறிவியலாரைப் போற்றாதிருத்தல் நன்றி மறத்தலாகும். ஆனால் மருந்து கண்டவனின் அருமை வேறு. அதற்கு விலை வைப்பவனின் கணக்கு வேறு.

அமெரிக்காவில் 2001இல் ஓராண்டு மருந்துக்கு ஏறத்தாழ 30,000 தாலர். 2012இல் 92,000 தாலர். வில்லை அதே வில்லை. உட்பொருள் அதே உட்பொருள். இடையில் தாசாட்டினிபு, நிலோட்டினிபு என்னும் புது மருந்துகள் வந்தன. போட்டி வந்தால் விலை இறங்கும் என்று பொருளியல் நூல் படித்தவர் சொல்லுவர். ஈங்கு நிகழ்ந்தது தலைகீழ்: புதியவற்றுக்கு வைத்த விலையைக் கண்டு பழையதும் ஏறியது. 2012இல் கிளீவெக்கு உலகெங்கும் ஈட்டித் தந்தது 470 கோடி தாலர். இவ்விலை தாங்கற்கரியது என்று மறு ஆண்டே இந்நோய் வல்லுநர் நூற்றுக்கு மேற்பட்டோர் மருத்துவ இதழொன்றிற் கூட்டாக எழுத நேர்ந்தது. மருந்தை எழுதிக் கொடுக்கும் கைகளே அம்மருந்தின் விலையை எதிர்த்து எழுதின!

இந்தியாவின் நிலை வேறாக இருந்தது. சென்னை உயர்முறைமன்ற நடுவராயிருந்த இராசகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடியொற்றி எழுந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்கு உரிமை தராமல் அதனைச் செய்யும் முறைக்கே உரிமை தந்தது. ஆகவே வேறு முறையில் அதே மருந்தைச் செய்து குறைந்த விலைக்கு விற்க இங்குள்ள ஆலைகளால் இயன்றது. உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைக்கு இணங்கி 2005இல் அக்கதவு மூடப்பட்டது. மூடும்போது நாடாளுமன்றம் ஒரு தாழ்ப்பாளை உள்ளே வைத்தது. அதுவே 3(ஈ) என்னும் பிரிவு: அறிந்த பொருளொன்றன் புது வடிவத்தைக் கண்டறிதல் மட்டும் புனைவாகாது, அதன் திறன் கூடியிருத்தல் வேண்டும்.

நோவார்ட்டிசு இமாட்டினிபின் உப்பொன்றன் பீட்டா என்னும் பளிங்கு வடிவத்துக்கு உரிமை கேட்டுச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் 1998இலேயே பதிந்து வைத்திருந்தது. 2003 நவம்பரில் அந்நிறுவனத்துக்குத் தனிவிற்பனை உரிமை கிடைத்தது. உள்நாட்டு நிறுவனங்கள் சில முறைமன்றத் தடையால் தம் ஆக்கத்தை நிறுத்தின. திங்களுக்கு 8,000 முதல் 10,000 உருபா வரை விற்ற மருந்து நோயர்க்கு எட்டாமற் போயிற்று. நோவார்ட்டிசின் விலை திங்களுக்கு ஏறத்தாழ 1,20,000 உருபா. அந்நிறுவனம் பல்லாயிரவர்க்கு விலையின்றியும் வழங்கியது. அதனை மறைத்தல் முறையாகாது. எனினும் ஒருவன் உயிர் இன்னொருவன் கொடைக்குக் காத்து நிற்பது நல்ல ஏற்பாடன்று.

புற்றுநோயர் அமைப்பும் உள்நாட்டு ஆலைகளும் எதிர்த்தன. 2006 சனவரியில் சென்னை அலுவலகம் உரிமையை மறுத்தது. நோவார்ட்டிசு சென்னை உயர்முறைமன்றம் ஏறி, 3(ஈ) தெளிவற்றது, செல்லாதது என்றது. 2007 ஆகத்து 6ஆம் நாள் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று. இறுதியில் 2013 ஏப்பிரல் 1ஆம் நாள் உச்ச முறைமன்றமும் உரிமையை மறுத்தது.

அத்தீர்ப்பின் அச்சாணி ஒரு சொல். திறன் என்றால் என்ன? புது வடிவம் உடலில் முப்பது விழுக்காடு மிகுதியாகச் சேர்கின்றது, ஈரத்தால் கெடாது, நன்கு ஒழுகுகின்றது என்றது நிறுவனம். மருந்தின் திறன் என்பது நோய் தீர்க்குந் திறனே. கெடாமையும் ஒழுகுதலும் ஆலைக்கு நன்மை தரலாம். கூடுதலாகச் சேர்வதால் நோய் கூடுதலாகத் தீர்கின்றது என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றது மன்றம். ஒரு சொல்லுக்கு வரம்பு கட்டியதால் இலக்கக்கணக்கான உருபா வேறுபாடு தீர்ந்தது.

இவ்விடத்தில் தமிழர் தம் நாளிதழ்களைத் திருப்பிப் பார்க்கவேண்டும். முன்பே உள்ளதைக் காண்பதும் கண்டுபிடிப்பு. இல்லாததை ஆக்குவதும் கண்டுபிடிப்பு! கண்டறிதல், புனைதல் என்னும் இரண்டன் வேறுபாட்டில்தான் அப்பிரிவே நிற்கின்றது. தமிழில் இரு சொல்லும் உள. எழுதுவோர்க்கு அக்கறை இல்லாத கரணியத்தால் இரண்டும் ஒன்றாகிக் கிடக்கின்றன. அத்தீர்ப்பைத் தமிழ் இதழ் வழியே அறிந்தவர், கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பாகாது என்று படித்து மயங்கியிருப்பார்.

சட்டமோ அம்மயக்கத்தையும் தமிழர்க்கு அளிக்க முன்வரவில்லை. 2003ஆம் ஆண்டுக் காப்புரிமை விதிகளின் 9ஆம் விதிப்படி ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். சென்னையில் அலுவலகம், தமிழுக்கு இடமில்லை. தமிழ்நாட்டினும் குறைந்த மக்களையுடைய தென்கொரியாவில் கொரிய மொழியில் இவ்வேலை நடைபெறுகின்றது. இவ்வழக்குச் சென்னை உயர்முறைமன்றத்தில் இருந்த 2006ஆம் ஆண்டிலேயே, அம்மன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது; 2012இல் உச்ச முறைமன்ற நடுவர்கள் இசைவு மறுத்தனர். தம் மருந்துக்காக எழுந்த வழக்கைத் தமிழ்நாட்டு நோயர் தம் மொழியிற் கேட்க வழியின்றிப் போயிற்று.

இமாட்டினிபு 2015இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஏறியது. 2016இல் அமெரிக்காவிலும் பிறர் அதனைச் செய்து விற்கத் தொடங்கினர். 2021இல் அசிமினிபு என்னும் மற்றொன்று ஒப்புதல் பெற்றது. ஒவ்வொன்றற்கும் புது வடிவம், புது உப்பு, புது உரிமை என்று ஆவணங்கள் எழுதப்படும். அவற்றை எதிர்க்க நோயர்க்குச் சட்டம் இடந்தருகின்றது. 9ஆம் விதியில் தமிழைச் சேர்க்குமாறு தமிழ்நாட்டரசு நடுவணரசை வற்புறுத்தட்டும். அதுவரை வாளாவிராமல், ஏற்கெனவே வந்த தீர்ப்பையாவது நல்ல தமிழில் பெயர்த்து, அரசு மருத்துவமனைப் புற்றுநோய்ப் பிரிவுகளில் வைக்கட்டும்.